எந்த அடுப்பில் கேட்கிறீர்கள்?

ஒப்பிட்டுப் பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்கள் ஒரு தனி இனம். உங்களுக்கும் அவர்களைத் தெரியும். கடையில் பத்துக் குடையை விரித்துப் பார்ப்பார்கள். அதற்குள் மழை நின்றுவிடும். மழையின் மேல் கோபித்துக்கொள்வார்கள். அந்த இனத்தின் திலகம் நம் ஆய்வாளர்.

அவர் வேலை லேசானது. துளை போடும் இடத்திலிருந்து வரும் பாறையில் தார் மாதிரி இறுகிய எண்ணெய்க் கசடு ஒட்டியிருக்கும். அதைப் பொடித்து, சூடாக்கி, கிளம்பும் ஆவியை அளந்து, பூமிக்கடியில் எண்ணெய் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. அதற்காக அங்கே நாற்பது பேர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். உண்டென்றால் வேலை, இல்லையென்றால் மூட்டை முடிச்சு. வந்திருந்ததோ கைக்கடக்கமான ஒரே ஒரு துண்டு.

நிதானமாகச் சூடேறும் அடுப்பு "உண்டு" என்றது. வேறொருவராக இருந்தால் போனை எடுத்திருப்பார். இவர் கண்மூடித் திறப்பதற்குள் கொதிக்கும் அடுப்பில் இன்னொரு சிட்டிகையைப் போட்டார். அது "சந்தேகம்" என்றது. தண்ணீர் ஊற்றி இறுக மூடி மூன்று நாள் வேகவைக்கும் அடுப்பு "இருக்கலாம்" என்று இழுத்தது. ஆய்வாளரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்றும் ஒன்றையே சொல்லியிருந்தால் மனிதர் நொந்து போயிருப்பார்.

வீட்டிலும் இதே கதைதான். மகளுக்குக் காய்ச்சல் என்றால் மூன்று தெர்மாமீட்டர்.

"ஏங்க, டாக்டர்கிட்ட போகணுமா, வேண்டாமா?"

"கொஞ்சம் பொறு. மூணுக்கும் நடுவுல அரை டிகிரி இடிக்குது."

மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

துளை போடும் இடத்து மேஸ்திரியால் அப்படிக் கிளம்ப முடியவில்லை. தினமும் போன் செய்தார்.

"சார், எண்ணெய் இருக்கா இல்லையா?"

"எந்த அடுப்புல கேக்கறீங்க?"

"அடுப்பு எனக்கெதுக்கு சார்? பூமியில கேக்கறேன்!"

என்ன அவசரம் பாருங்கள்! ஆய்வாளர் மெதுவாக, வேகமாக, மெதுவாக ஆரம்பித்து வேகமாக, மூடி போட்டு, மூடியைத் திறந்து என்று சிட்டிகை சிட்டிகையாகச் சுட்டுக்கொண்டே போனார். இருபதாம் நாள் பாறைப்பொடி வைத்திருந்த தட்டைத் தட்டினால் தூசிகூட விழவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை எழுதினார். அடுப்புகளின் குணாதிசயங்களை அவ்வளவு நேர்த்தியாக யாருமே எழுதியதில்லை. கடைசி வரி: "எண்ணெய் பற்றிச் சொல்ல இன்னும் கொஞ்சம் பாறை தேவை."

"பாறைக்கு எங்க சார் போறது? ஆளுங்க நாப்பது பேரும் நேத்தே ஊருக்குப் போயிட்டாங்க" என்றார் மேஸ்திரி.

ஆய்வாளர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "பஸ்லயா, ரயில்லயா? எது சௌகரியமா இருந்துச்சாம்?" என்று கேட்டார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அது சரி, உங்களிடமும் ஒருவர் ஆமாவா இல்லையா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாரே, அவருக்கு ஏன் இன்னும் பதில் சொல்லவில்லை?