எலுமிச்சைச் சாமியும் தேரை டாக்டரும்

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடலில் கட்டிய தோரணங்கள் இன்னும் முழுதாகக் கிழியவில்லை. அதற்குள் பக்கத்துக் காஜா பெராங் பகுதியில் ஒரு சாமி வந்து இறங்கிவிட்டார். பின்னே? நாடு விடுதலை பெற்றால் போதுமா? நம் தலையில் மிளகாய் அரைக்க ஆள் வேண்டாமா?

பெயர் எலுமிச்சைச் சாமி. சொந்த ஊர்? கேட்கக்கூடாது. படிப்பு? எலுமிச்சம்பழம் பேசுவதைக் காதால் கேட்பது. பிள்ளையில்லாத பெண் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பழத்தைக் கையில் பொத்திக்கொள்ள வேண்டும். பிறகு பழம் திரைக்கு இந்தப் பக்கம் வரும். சாமி அதைக் காதோடு வைப்பார். பழம் அவளுடைய வயிற்றுச் சங்கதி அத்தனையும் சொல்லும். சாமிக்கு மட்டும்தான் கேட்கும். நமக்கும் கேட்டுவிட்டால் அப்புறம் சாமி எதற்கு?

அடேயப்பா, கூட்டமா அது! தம்பினிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். செங் தோட்டத்திலிருந்து லோரியில் நின்றுகொண்டே வந்தார்கள். வாடகைக் கடைவீட்டு வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனையைத் தாண்டிப் போனது. அத்தனையும் பெண்கள். புருஷன்மார் அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு எதிர்க்கடையில் கோப்பி குடித்தார்கள். பிள்ளை பெறுகிற காரியத்தில் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அந்தப் புண்ணியவான்களுக்கு மறந்தே போயிருந்தது.

அந்த வரிசையில்தான் கமலவேணியை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார் மாமியார் பொன்னம்மா. கல்யாணமாகி ஆறு வருடம். தொட்டில் இல்லை. சாமியின் சீடன் சுப்பையன் வரிசையில் நின்றவர்களுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டே அன்பாக விசாரித்தான்.

"அக்காவுக்கு எந்த ஊரு? கல்யாணமாயி எத்தனை வருசம்?"

முன்பின் தெரியாதவனிடம் சொந்த ஊரைச் சொல்வானேன் என்று கமலவேணி வாயில் வந்ததைச் சொல்லி வைத்தாள். "ஈப்போ." உண்மையில் அவள் பிறந்தது மூவாரில்.

அவள் முறை வந்தது. சாமி பழத்தைக் காதில் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஈப்போவில் பிறந்த பெண்ணே! உன் வயிற்றுக்கு நாகம் பூட்டு போட்டுவிட்டது. இனி திறக்காது. உன் புருஷன் வேறு இடத்தில் வம்சம் தேடட்டும்!"

அவ்வளவுதான். பொன்னம்மா அடுத்த நாளே ஆயர் குரோவில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். மகன் சேதுபதி துறைமுக ஆபீசில் குமாஸ்தா. ஆபீசில் துரைக்குத் தலையாட்டுவார், வீட்டில் அம்மாவுக்குத் தலையாட்டுவார். கமலவேணி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்கு ஒன்று உறைத்தது. நாகத்தையே கண்டுபிடித்த பழத்துக்கு மூவார் ஏன் தெரியவில்லை?

நேராக டாக்டர் மாணிக்கவாசகத்திடம் போனாள். பிள்ளைப்பேறு மருத்துவத்தில் புதிதாக வந்ததைக் கற்றுக்கொள்ள சிங்கப்பூருக்கு மறுபயிற்சிக்குப் போய்விட்டு, ஒரு கூடை ஆண் தேரைகளோடு திரும்பியிருந்தார் அவர். பெண்ணின் சிறுநீரைத் தேரைக்கு ஊசி போட வேண்டுமாம். அவள் கர்ப்பமாக இருந்தால், சில மணி நேரத்தில் தேரையின் விந்தணு அதன் சிறுநீரில் இறங்கி நுண்ணோக்கியில் தெரியுமாம். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. "தேரை டாக்டர்" என்று பெயரும் வைத்தது. பழம் பேசினால் பக்தி, தேரையைச் சோதித்தால் பைத்தியம். நம் ஆட்களின் தராசு அப்படி!

"டாக்டரு, சாமியோட பழத்தையும் உங்க தேரையையும் ஒண்ணா உக்கார வச்சுப் பாத்துருவோமா?" என்று கேட்டாள் கமலவேணி.

டாக்டருக்கு வாயெல்லாம் பல். மாமியாரிடம் அவள் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிட்டாள். "அத்தை, சாமி ஜெயிச்சா நானே ஆயர் குரோவுக்குத் தாம்பூலம் எடுத்துட்டுப் போறேன். தோத்தா, இந்த வீட்டுல ரெண்டாவது பொண்ணு பேச்சே வரக்கூடாது."

"சாமியாவது தோக்கறதாவது! சரி லா," என்றார் பொன்னம்மா.

ஊர் முன்னால் மறுக்க முடியாமல் சாமியும் போட்டிக்கு ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை. சாமியின் கூடையிலிருந்தே மூன்று பழம். திரைக்குப் பின்னால் மூன்று பேர். யார் யார் என்பது நடுவராக நின்ற துணிக்கடை அப்துல் கய்யூம் ஒருவருக்குத்தான் தெரியும். காலையிலேயே அந்த மூவரின் சிறுநீர்ப் புட்டிகளும் எண் போட்டு டாக்டரிடம் போய், தேரைகளுக்கு ஊசியும் ஏறிவிட்டது. சுப்பையன் கோப்பிச் சட்டியோடு திரைப்பக்கம் நகர்ந்தான்.

"தம்பி, நீ இங்க வா. இன்னிக்குக் கோப்பி நான் ஊத்தறேன்," என்று கய்யூம் அவன் தோளில் கை போட்டு உட்கார வைத்துவிட்டார். சாமிக்கு வியர்த்தது.

முதல் பழம். "ஐயோ, பாலைவனம்! ஏழு ஜென்மத்துக்கும் பிள்ளை இல்லை!"

இரண்டாவது. "இரண்டு பிள்ளை பெற்ற வயிறு. மகராசி!"

மூன்றாவது. சாமி துள்ளினார். "ஆஹா! மூன்று மாதம்! ஆண் வாரிசு! தாய் மசக்கையில் வாடுகிறாள்!"

"மாத்த மாட்டீங்களே சாமி?" என்று கேட்டார் கய்யூம்.

"பழம் பொய் சொல்லாது!"

கய்யூம் திரையை இழுத்தார். முதலில் அவர் மனைவி பீவி, ஆறு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள். "பாலைவனமாம்! அப்ப உள்ள உதைக்கிறது யாரு?" இரண்டாவது கமலவேணி, போன வாரம் பூட்டிய அதே வயிறு. மூன்றாவதாக, பெரிய மீசையோடு, கைலியை இறுக்கிக்கொண்டு எழுந்து நின்றார் அந்த மசக்கைத் தாய். சேதுபதி! கய்யூம் உட்காரச் சொன்னதற்கும் தலையாட்டியிருந்தார்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் கோப்பிச் சட்டி கவிழ்ந்தது. ஒரு கிழவி சேதுபதிக்கு மாங்காய் வாங்கிவர ஆள் அனுப்பினாள். "சாமி, எனக்கு ஊரு மூவாரு. ஈப்போன்னு சொன்னது உங்க சுப்பையன்கிட்ட மட்டுந்தான்!" என்று கமலவேணி கத்தினாள். சுப்பையன் கவிழ்ந்த சட்டியை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

டாக்டர் வந்து முடிவைச் சொன்னார். "முதல் புட்டி கர்ப்பம். மத்த ரெண்டும் இல்ல. தேரையும் சில நேரம் தப்பும். அதனாலதான் நாங்க திரும்பத் திரும்பப் பாக்கறோம்." தப்பே செய்யாத சாமியைத் தேடினால், அவர் பின்வாசல் வழியாகப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

பொன்னம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "ஆயர் குரோவுக்குச் சொல்லி விட்டுடறேன். அப்ப என் மருமககிட்ட என்னதான் குறை, டாக்டரு?"

"குறை அவங்ககிட்டதான்னு யாரு சொன்னா? பல வீட்டுல அது ஆம்பளை பக்கம். சிங்கப்பூர் பயிற்சியில பாதி நாள் இதுதான் பாடம். முதல்ல உங்க மகனைச் சோதிக்கணும். இங்க இருக்கற மத்த புருஷன்மாரும் வரலாமே?"

எதிர்க்கடையைப் பார்க்க வேண்டுமே! பாதிக் கோப்பியில் எழுந்தார்கள். ஒருவருக்கு மாட்டைக் கட்ட வேண்டியிருந்தது. ஒருவருக்குத் திடீரென்று பல்வலி. கண்மூடித் திறப்பதற்குள் கடை காலி.

சேதுபதி மட்டும் நின்றார். "மூணு மாசம் முழுகாம இருக்கேன்னு ஊரே கேட்டாச்சு. இனிமே எனக்கு என்னா வெக்கம்? வாங்க டாக்டரு." கமலவேணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வருடத்தில் அவர் தானாக அவளுக்காக எடுத்து வைத்த முதல் அடி அது.

சாமி ஓடியதில் அதிசயம் இல்லை ஐயா, ஓடுவது அவர் தொழில். பெண்டாட்டியை மட்டும் வரிசையில் நிறுத்தியவர்கள், "நீயும் வா" என்றதும் எதற்கு ஓடினார்கள்? அதைக் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்புறம் ஒருத்தியை மலடி என்று சொல்ல வாயைத் திறங்கள்.