குளிக்கப்போகும் சரவணனுக்கு ஒரு போஸ்டர்

சோர்ந்து கிடக்கிற மனிதனைத் தேற்ற ஊரில் ஆயிரம் வழி உண்டு. மானத்தை வாங்கித் தேற்றியவர், எனக்குத் தெரிந்து, எங்கள் சிம்மக்கல் பசை அண்ணன் ஒருவர்தான்.

போஸ்டர் ஒட்டுவது அவர் தொழில். சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. மதுரையில் காதுகுத்துக்கும் போஸ்டர், கருமாதிக்கும் போஸ்டர். நடுவில் மனுஷன் வாடிக் கிடக்கிற நாளுக்கு ஒன்றுமில்லையே என்பது அவருடைய தீராத குறை. அந்தக் குறையைத் தானே தீர்க்கக் கிளம்பிவிட்டார்.

முதலில் சிக்கியவர் டீக்கடை முருகண்ணன். வீட்டம்மா கோபித்துக்கொண்டு பேரையூருக்குப் போய்விட, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் கடைச் சுவரில், ‘தானே ரசம் வைத்துச் சாப்பிட்ட தன்மானச் சிங்கமே!’ மனிதர் ரசமே வைக்கவில்லை. வந்தவரெல்லாம் ரசத்தை விசாரிக்க, வெட்கத்துக்குப் பயந்து அன்றைக்கே வைத்துவிட்டார்.

அடுத்து, எட்டுப் போடும்போது விழுந்து லைசென்ஸ் கிடைக்காமல் அழுத பேங்க் அக்கா. ‘கீழக்குயில்குடி மலையேறி வெயில் வாங்கிய வீரமங்கையே!’ திட்டிக்கொண்டேதான் அக்கா புளிச்சோறு கட்டிக்கொண்டு மலையேறினார்.

பிறகு என் முறை. நிச்சயமான என் கல்யாணம் நின்றுபோனது. அறைக் கதவைச் சாத்திப் படுத்தவன் குளிக்கவில்லை, யார் போனையும் எடுக்கவில்லை. வேலை போய்விடும் என்று மேனேஜர் செய்தி அனுப்பியும் அசையவில்லை. ஒரு காலை ஜன்னலைத் திறந்தேன். எதிர்ச் சுவரில் நான்.

கல்யாணப் பேனருக்குக் கொடுத்திருந்த பட்டுவேட்டிப் படம். பக்கத்திலிருந்த பெண்ணை வெட்டிவிட்டு அங்கே ஒரு வாளியும் மக்கும் வைத்திருந்தார். ‘இன்று குளித்து வெளியே வரும் எங்கள் சரவணனை வருக வருக என வரவேற்கிறோம்! இவண்: சிம்மக்கல் பொதுமக்கள்.’

நின்றிருந்த டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காரர்கள் நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். கீழே பசை அண்ணன்.

“யாரைக் கேட்டுண்ணே ஒட்டுனீங்க? கிழிங்கண்ணே.”

“நீயே எறங்கி வந்து கிழி மாப்ள. எனக்கு ஒட்டத்தான் தெரியும்.”

“இப்பிடியே எப்பிடிண்ணே வாரது?”

“அப்ப குளிச்சிட்டு வா. தண்ணி வந்துருச்சுல்ல.”

குளித்தேன். இறங்கினேன். சுரண்டச் சுரண்டப் போஸ்டர் வரவில்லை, அவ்வளவு பசை. வியர்த்து நின்றவனிடம் முருகண்ணன் டீயை நீட்டினார். மறுநாள் வேலைக்கே போய்விட்டேன். தெருவில் தலைகாட்டுவதைவிட மேனேஜர் தேவலை.

போன பங்குனியில் பசை அண்ணனின் மனைவி இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அவரே தெருத்தெருவாக ஒட்டினார். ஒட்டி முடித்து வீட்டுக்குள் போனவர் வெளியே வரவேயில்லை.

“சோறு கொண்டுக்கிட்டுப் போனேன். போப்பாங்குறாரு. அம்புட்டுத்தான்,” என்றார் முருகண்ணன். அந்த மனிதர் படுப்பார் என்று யார் கண்டது?

நாங்களே ஒரு போஸ்டர் அடித்தோம். அவர் முகம் யார் போனிலும் இல்லை. எல்லாப் படத்திலும் சுவரைப் பார்த்து நிற்கிறார். முதுகையே போட்டோம். ‘இன்று குளித்து வெளியே வரும் எங்கள் அண்ணனை வருக வருக...’ அவர் வீட்டு எதிர்ச் சுவரில் நான்தான் ஒட்டினேன்.

மத்தியானம் கதவு திறந்தது. தலையில் ஈரத்தோடு வந்தார். நேரே சுவரிடம் போய் முழுக்க வாசித்தார். பெயர்ந்து நின்ற மூலையை உள்ளங்கையால் நீவினார்.

“யார்ரா ஒட்டுனது? ஓரத்துல பசையே இல்ல.”

“நாந்தாண்ணே.”

“போய் என் பசை வாளிய எடுத்துட்டு வா.”

ஓடினேன். அந்தச் சுவரில் இன்றுவரை வேறு போஸ்டர் ஒட்ட நாங்கள் யாரையும் விட்டதில்லை.