கதவு திறக்கப் பதினோரு விநாடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். அப்படி எழுத வரவில்லை. போனில் சொல்லலாம்தான், நீ நடுவில் பேசுவாய். அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை டிப்போவில் எனக்குப் புது பஸ் கொடுத்தார்கள். ஸ்டீயரிங் பக்கத்தில் நீ வடிவமைத்த தொடுதிரை. யாரிடமும் சொல்லாமல், மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டே துடைத்து வைத்தேன். பழைய பஸ்ஸில் கதவுக்கு ஒரு இரும்புப் பிடி இருந்தது, பார்க்காமல் கை நீட்டினாலும் சிக்கும். இதில் பன்னிரண்டு கட்டங்கள், எல்லாம் சட்டைப் பொத்தான் அளவு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நட்டநடுவில். கதவு திறக்கும் கட்டத்தை ஒட்டியே நன்றி அறிவிப்பு.

அன்று காலை பத்து மணி, மார்க்கெட் மேடு நிறுத்தத்தில் தையல்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான், நான் அவசரப்பட்டுக் கதவை மூடிவிட்டேன், அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. "அண்ணே, விரலு! விரலு!" பிரேக்கை மிதித்தபடி திரையைத் தட்டுகிறேன், என்ஜின் அதிர்வில் திரை ஆடுகிறது, என் விரல் அதைவிட ஆடுகிறது. "எங்களுடன் பயணித்தமைக்கு நன்றி" என்றது ஸ்பீக்கர். மறுபடி தட்டினேன், வைப்பர் ஓடியது. மறுபடியும் நன்றி. "யோவ், மொதல்ல கதவத் தொறய்யா, நன்றிய அப்புறம் சொல்லிக்கலாம்!" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கத்தினார். கடைசியில் மணிக்கட்டைத் திரையின் விளிம்பில் முட்டுக்கொடுத்து ஒரே விரலை ஊன்றி அழுத்தினேன். திறந்தது. பஸ் கேமராவின் கணக்கில் பதினோரு விநாடியாம். என் கணக்கில் பாதி ஆயுசு.

எலும்பு முறியவில்லை. ஆனால் இரண்டு விரல் வீங்கிவிட்டது, பத்து நாளைக்குக் கத்தரிக்கோல் பிடிக்கக் கூடாதாம். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. ஒவ்வொரு விரலாக மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று டிப்போவில், அதே பஸ்ஸில் வைத்து விசாரணை. "முப்பது வருஷ சர்வீஸ், ஒரு பட்டன அழுத்தப் பதினோரு செகண்டா?" என்றார் அதிகாரி. "நீங்களே ஒரு தடவை உக்காந்து அழுத்திப் பாருங்க சார்" என்று என்ஜினைப் போட்டேன். அழுத்தினார், அவருக்கும் நன்றி சொன்னது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அழுத்தினார், வைப்பர் ஓடியது. "நிறுத்துங்க" என்றார், வைப்பரை நிறுத்தும் கட்டம் எனக்கும் கிடைக்கவில்லை. ஓட்டுநர் மேல் தவறில்லை, திரையின் மேல்தான் என்று எழுதிவிட்டார். என் வேலை தப்பியது, உன் வேலை என்ன ஆகுமோ.

"எல்லாம் ஒரே சைஸ்ல இருந்தாத்தாம்ப்பா அழகு" என்று போன மாதம் சொன்னாயே. அழகு இருக்கட்டும். கதவுக்கு மட்டும் உள்ளங்கை அளவு இடம் கொடு. கைக்குக் கிட்டே, ஓரத்தில், திரையின் சட்டத்தை ஒட்டி வை, பதறி வருகிற விரல் அதில் இடித்து அங்கேயே நிற்கும். பக்கத்தில் வேறு எதையும் வைக்காதே.

ஒன்று மட்டும் கவனம். நீ என் மகள் என்று யாரிடமும் மூச்சு விடாதே, நானும் விட மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவும் நானும் உன் நல்லதையே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அதிகாரி போன் செய்தார். "இத டிசைன் பண்ணது யாருன்னு தெரியுமா?" தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், "எம் பொண்ணு சார்" என்று வந்துவிட்டது. திங்கட்கிழமை பத்து மணிக்கு உன்னை டிப்போவுக்கு வரச் சொல்கிறார். தையல்கடை அம்மாவும் வருகிறார். முதலில் அவரிடம் போ. திரையைப் பற்றி ஒன்றும் விளக்காதே. கை எப்படி இருக்கிறது என்று கேள்.