சப்பரம் முதலில் யார் வாசலில்?

திருவிழாக் கமிட்டிச் செயலாளர் ராயப்பராஜ் வாத்தியார் ஒரே முதல் நிறுத்தத்தை இரண்டு வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மாலையில் அந்தோணியார் சப்பரம் கிளம்பினால் முதலில் யார் வாசலில் நிற்கிறதோ, அந்த வீட்டுக்கு வருடம் முழுக்கக் கௌரவம். பூட்டுப் பட்டறை பிரிட்டோ கேட்டார், சரி என்றார். தோல் வியாபாரம் செய்யும் செபஸ்தியம்மாள் கேட்டார், அதற்கும் சரி என்றார். இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை, பாவம்.

சப்பரத்தை முன்னால் தூக்குவது பிரிட்டோவின் ஆட்கள். பின்னால் தூக்குவது செபஸ்தியம்மாளின் மகன்கள். ஒரு தரப்பு கோபித்துக்கொண்டாலும் அந்தோணியார் கோயிலை விட்டு நகர மாட்டார்.

காலைப் பூசையில் புதிதாக வந்த சாமியார் 'அரெஸ்கேயா' என்ற கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார்.

"ஊரையெல்லாம் குளிர வைக்கிற இச்சகத்துக்குத்தான் கிரேக்கர்கள் பெரும்பாலும் இதைச் சொன்னார்கள். புனித சின்னப்பரோ, அதாவது நம் பவுல், ஆண்டவருக்கு உகந்தபடி நடப்பதற்கு இதே சொல்லை வைத்தார். மனிதரைப் பிரியப்படுத்தித் திரிகிறவன் கிறிஸ்துவின் ஊழியனல்ல!"

சாமியார் தன்னையே பார்ப்பதுபோல் வாத்தியாருக்கு இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. இன்றோடு இச்சகத்துக்கு முழுக்கு என்று முடிவுசெய்து, நேரே பிரிட்டோ வீட்டுக்குப் போனார்.

"பிரிட்டோ, அரெஸ்கேயான்னு ஒண்ணு இருக்கு..."

"அய்யய்யோ, அதுக்கு என்ன மாத்திரை சார் சாப்பிடுறீக? ஏ ரீனா, சாருக்கு பிரியாணி வை!"

பிரியாணி நன்றாக இருந்தது. கை கழுவும்போது வாத்தியார், "ஒங்க வாசல்ல பேண்டு வாத்தியமும் செத்த நேரம் நின்னு வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

செபஸ்தியம்மாளிடமாவது உறுதியாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனார். அந்த அம்மாள் கிரேக்கத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தோணியாருக்கு உகந்ததத்தான் செய்யணும்கிறீக. எங்க வாசல்ல நிக்கிறது அவருக்குப் பிடிக்காதுன்னு ஒங்ககிட்ட வந்து சொன்னாரா?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லைங்க..."

"பின்ன?"

வாத்தியார் வாணவேடிக்கையையும் அந்த வீட்டுக்கே கொடுத்துவிட்டு வந்தார்.

மாலைக்குள் பேண்டு விஷயம் செபஸ்தியம்மாளுக்கும் வாணவேடிக்கை விஷயம் பிரிட்டோவுக்கும் எட்டிவிட்டது. இரண்டு தரப்பும் கோயில் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. சப்பரத்தில் யாரும் கை வைக்கவில்லை. வாத்தியார் அழாத குறையாகச் சாமியார் அறைக்கு ஓடினார்.

"சாமி, காலைல என்னைய நெனச்சுத்தான் பிரசங்கம் வச்சீங்கன்னு புரிஞ்சுது. ஆனா முடியாதுங்கிற சொல்லு என் வாயில வரவே மாட்டேங்குது. நீங்களே வந்து மொத நிறுத்தம் இன்னாருக்குன்னு சொல்லிடுங்க."

சாமியாரின் முகம் வெளிறியது. "இதோ வாரேன்" என்று உள்ளே போனவர் கதவைத் தாழ்போட்டுக்கொண்டார்.

வாசலில் நின்ற, கோயில் மணியடிக்கும் கோயில்பிள்ளை சவரிமுத்து சிரித்தான்.

"ஒங்கள நெனச்சா சார் வச்சாரு? முந்தாநாள் எங்காத்தா இந்தச் சாமிகிட்ட ஒரு தட்டு அதிரசம் கொண்டாந்து, மொத நிறுத்தம் எங்க வீட்டுக்குன்னு வாக்கு வாங்கிட்டுப் போனுச்சு. மறுநா உக்காந்து எழுதின பிரசங்கம் சார் அது!"