கல்லச்சும் கள்ளச்சும்

தமிழ் சரியாகப் பேச வராதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. சரியாகப் பேசியே தீருவது என்று கிளம்புகிறவனால்தான் ஆபத்து. அனுபவத்தில் சொல்கிறேன். அப்படிக் கிளம்பிய ஆள் நான்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் மலாயாவில், ரந்தாவ் பக்கம். அங்கே ‘ல’வும் ‘ள’வும் ஒரே தட்டில் சாப்பிடும். பள்ளிக்கூடம் பல்லிக்கூடம்தான், வெள்ளம் வெல்லம்தான். அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை. தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி வேலை கிடைத்ததும் எனக்குத் தலை கொஞ்சம் பெருத்தது. (கழுத்து பழைய அளவிலேயே இருந்தது. அதுதான் சிக்கல்.) கணக்கு எழுதுகிற கிராணிக்குப் பேச்சில் ஒரு கௌரவம் வேண்டாமா? சிரம்பானில் கேட்ட ஒரு மேடைப் பேச்சாளரை மனதில் வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து நின்று, நாக்கை மடித்து ‘ள’ சொல்லப் பழகினேன். வந்துவிட்டது. வந்தது திரும்பிப் போகவில்லை என்பதுதான் குறை. ‘ல’ சொல்ல வேண்டிய இடத்திலும் நாக்கு மடங்கிக்கொண்டது. அதுவும் பெரிய மனிதர்கள் எதிரே நின்றால் கட்டாயம் மடங்கும். சுவரில் ஓடும் பல்லியைக் காட்டி “பள்ளி” என்பேன். “எந்தப் பள்ளிடா, இங்கிலீசுப் பள்ளியா?” என்பாள் அம்மா.

அது, காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம். பெயரில் மட்டும்தான் அவசரம். மற்ற எல்லாவற்றுக்கும் வரிசையில் நிற்க வேண்டும். தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி. வாசலில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள். நாங்கள் ஜாகா என்போம். காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போகக் கூடாது என்று, பால் வெட்டப் போகிறவர்களின் வாளியையும் மடியையும் சோதிப்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவன் வீட்டில் ஏதோ அச்சடித்த துண்டுக் காகிதம் இருந்ததென்று பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்து அவனைப் பற்றிக் கேள்விப்பட்டபோது நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியிருந்தான். அச்சடித்த காகிதம் என்றாலே ஜனங்கள் கையை உதறிக்கொண்ட காலம். அந்தக் காலம் பார்த்து, மகா புத்திசாலியான நான், அச்சடித்த காகிதம் சேர்க்கத் தொடங்கினேன்.

எங்கள் ரப்பரை வாங்கும் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் என்ஜினியர் தொரை, மனைவியோடு மேட்டு பங்களாவில் தங்கியிருந்தார். ரோட்டில் யாரோ ஒரு லாரியைக் கொளுத்தியதும், மேம் ‘போதும் உங்கள் ரப்பர்’ என்று கிளம்பிவிட்டாள். வீட்டுச் சாமான்களை முற்றத்தில் பரப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எல்லாரும் நாற்காலி எடுத்தார்கள். நான் நாரை எடுத்தேன்.

நாரை என்று நினைத்து எடுத்தது, உண்மையில் கூழைக்கடா. ஒரு படம். அலகுக்குக் கீழே பை தொங்க, கடலோரத்து மரக்குற்றி ஒன்றின் மேல், மாமியார் வீட்டில் சாப்பிடக் கூப்பிட மறந்த மருமகன் மாதிரி முகத்தோடு உட்கார்ந்திருந்தது. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றதைப் பார்த்து மேம் விளக்கினாள். கல்லின் மேல் கொழுப்பு மசியால் வரைவார்களாம். கல்லை நனைத்து, மை உருட்டி, தாளை வைத்து அழுத்துவார்களாம். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாதே, அந்தச் சண்டையில்தான் படம் பிறக்கிறதாம். அடியில் வரைந்தவரே பென்சிலால் நம்பரும் கையெழுத்தும் போடுவாராம். பெயர் லித்தோகிராப். நான் விடுவேனா? கல்லில் அச்சடித்தது, ஆகவே கல்லச்சு என்று அங்கேயே தமிழ் பண்ணினேன். (அந்தச் சொல் தமிழில் ஏற்கெனவே இருந்ததாம். பிற்பாடு தெரிந்தபோது, என் கண்டுபிடிப்பை எவனோ முன்கூட்டியே திருடிவிட்டதாகத்தான் தோன்றியது.)

மேம் வைத்திருந்த மற்றப் படங்கள் அதற்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டன. கலங்கரை விளக்கம் தையல்காரரிடம், சட்டைக்கை வெட்டும் அளவுத் தாளாக. மணலில் ஓடும் உள்ளான் குருவிகள் ஓர் அக்கா வீட்டில், கூரை ஓட்டையை அடைத்துக்கொண்டு. பாறை மேல் படுத்திருந்த கடல்நாய் பார்பர் கடையில், கண்ணாடிக்குப் பக்கத்தில். ஒவ்வொன்றாக மீட்டேன். பார்பர்தான் பிடி கொடுக்கவில்லை.

“அண்ணே, அந்தக் கடல்நாயக் குடுத்துடுங்கண்ணே.”

“அதப் பாத்துக்கிட்டுத்தான் கஸ்டமர் ஆடாம உக்காந்திருக்கான் கிராணி. அத எடுத்துட்டு ஒங்க மூஞ்சியவா மாட்டச் சொல்றீங்க?”

கடைசியில் என் குடையைக் கொடுத்து வாங்கினேன். அந்த மழைக்காலம் முழுக்க நான் நனைந்தேன். கடல்நாய் நனையவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சி ரூசா கடலையே நான் ஒரு தரம்தான் பார்த்திருந்தேன். அதுவும் வாந்தி எடுத்துக்கொண்டே போன லாரிப் பயணத்தில். ஆனால் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் மூடுபனி எப்படி இறங்கும் என்று கேட்டால், அங்கேயே பிறந்து வளர்ந்தவன் போல விளக்குவேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

இந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். அம்மாவின் தம்பி முத்துமாமா கொண்டுவந்த சம்பந்தம். தம்பின் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் செல்லையா மண்டோர், அவருடைய மகள் தனம். கோப்பியை வைத்துவிட்டு, “சீனி பத்தலன்னா சொல்லுங்க” என்றாள். நான் கிராணி தோரணையில், “நள்ளா இருக்கு” என்றேன். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுப்படியிலிருந்து சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. வேறு எவனாக இருந்தாலும் கோபித்துக்கொண்டிருப்பான். நான் அந்தச் சிரிப்பில் விழுந்தேன். கட்டினால் இந்தப் பெண்தான் என்று திரும்பும் பஸ்ஸிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மண்டோர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். “எனக்கு நகை நட்டு பேச்செல்லாம் வேணாம். கேசு கீசு இல்லாத பையனா இருக்கணும். மாத்தா-மாத்தா வந்து கதவத் தட்டுற வூட்டுக்கு எம்பொண்ணு போவாது.” (போலீசை அப்படித்தான் சொல்வோம்.) வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு காலை அம்மா என் படங்களையெல்லாம் சுவரிலிருந்து பிடுங்கினாள். “சம்பந்தி வர்ற நேரத்துல செவுத்துல மீன் திங்கிற பறவையும் காலு இல்லாத நாயும்! சாமி படத்த மாட்டுடா.” சுருட்டிக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டிக்குள் வைத்தேன். இந்தக் கதையின் வில்லன் அந்தப் பெட்டிதான். என்னைத் தவிர.

வாசலில் வெகுநேரம் சோதனைக்கு நின்று, வியர்த்து விறுவிறுத்து மண்டோரும் தனத்தின் அத்தையான அவர் தங்கையும் முத்துமாமாவோடு வந்தார்கள். மண்டோர் லயத்து வீட்டை ஒரு சுற்று பார்த்தார். சாமி படங்களைப் பார்த்ததில் முகம் தெளிந்தது. கோப்பி கையில் வந்ததும், “தம்பிக்கு வேற பழக்கம் எதாச்சும்...” என்று இழுத்தார். குடி, சூது பற்றிக் கேட்கிறார். எனக்கோ, கேட்க ஆளில்லாமல் காய்ந்து கிடந்தவனுக்கு, வானம் பொத்துக்கொண்டது மாதிரி இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாக்கு மடங்கியது.

“பழக்கம்னா ஒண்ணே ஒண்ணுதாங்க ஐயா. கள்ளச்சு சேக்குறேன்.”

கோப்பி டம்ளர் பாதி வழியில் நின்றது. “என்னது தம்பி?”

“கள்ளச்சுங்க. அசல் அமெரிக்கக் கள்ளச்சு.”

மண்டோர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “யாரு குடுத்தா?”

“மேம் விட்டுட்டுப் போனது. இங்க யாருக்கும் அதோட அரும தெரியில. தையக்காரருகிட்ட ஒண்ணு, பார்பருகிட்ட ஒண்ணுன்னு கெடந்திச்சி. எல்லாத்தையும் நாந்தான் ஒண்ணா சேத்தேன்.”

“பார்பருமா இதுல இருக்கான்?”

“இப்ப இல்லீங்க. குடைய வாங்கிக்கிட்டு வெலகிட்டாரு. ஒவ்வொண்ணுலயும் நம்பர் இருக்குங்க ஐயா, கையெழுத்து இருக்கு. கையால தொட்டாலே அசலுன்னு தெரியும்.”

“மாத்தா-மாத்தாவுக்குத் தெரியுமா?”

“அவங்களுக்கு என்னங்க தெரியும் இதப் பத்தி!” என்று பெருமையாகச் சிரித்தேன். “கட்டிலுக்கு அடியிலதான் பெட்டி. காட்டட்டுங்களா?”

“ஐயோ வேணாம்!” என்றது அத்தை. மண்டோர் எழுந்துவிட்டார். கோப்பி பாதியில் நின்றது. அவசரமாக ஒரு வேலை ஞாபகம் வந்ததாம். என் கலை ரசனையில் ஆள் அசந்துபோய்விட்டார் என்று நினைத்து, வாசற்படி வரை வந்து கும்பிட்டு அனுப்பினேன்.

மீதி நடந்தது வேலி வாசலில். திரும்பிப் போகிறவர்களைச் சோதிக்க ஜாகா பையைத் திறக்கச் சொன்னான். பயத்தில் இருந்த அத்தை உடைந்துபோய், “எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுய்யா! எல்லாம் அவரு பொட்டியில இருக்கு!” என்று என் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி அழுதது. ஜாகாவுக்குத் தமிழ் தெரியாது. என் அதிர்ஷ்டம், விஷயம் அந்த அளவோடு நின்றிருக்கும். ஆனால் முத்துமாமாவுக்குக் கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாய் தெரியும். உதவி செய்யப் போகிறேன் பேர்வழி என்று, ‘ஒரு தப்பும் இல்லை, பையன் சும்மா கள்ள நோட்டு மட்டும்தான் வைத்திருக்கிறான்’ என்று எடுத்துச் சொன்னார். அவர் சுபாவம் அப்படி. யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஜீப்பில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்தார். சம்பந்தி வீட்டாரையும் சாட்சிக்கென்று திருப்பி அழைத்து வந்தார்கள். பின்னாலேயே லயம் முழுக்க வந்தது. தலையணையைக் கிழித்தார்கள். அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள். அம்மாவின் கோழிக்கூடைக்குள் ஒரு ஜாகா கையை விட்டுக் கொத்து வாங்கினான். சாமி படங்களுக்குப் பின்னாலும் பார்த்தார்கள். பிறகு பெட்டி. இன்ஸ்பெக்டர் கைத்துப்பாக்கியை உருவிக்கொண்டு, சுருளைப் பிரித்தார்.

கூழைக்கடா அவரைப் பார்த்தது. அவர் கூழைக்கடாவைப் பார்த்தார்.

“பூரோங்!” என்றான் ஜாகா. மலாயில் பறவை. எங்கள் தோட்டத்தில் என் சேகரிப்புக்குக் கிடைத்த முதல் விமரிசனம்.

இன்ஸ்பெக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. பறவைக்குள் ரகசிய எழுத்து இருந்தால்? கலங்கரை விளக்கத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு பேசினில் தண்ணீர் கேட்டு, அதற்குள் முக்கினார். என் உயிர் போய்விட்டது. ஆனால் மை கரையவில்லை. ஒரு கோடு கூட அசையவில்லை. மேம் சொன்னது சத்தியம். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது என்று அரசாங்கமே நிரூபித்துக் கொடுத்தது.

மண்டோர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுவா தம்பி கள்ளச்சு?”

“கள்ளச்சு இல்லீங்க ஐயா, கள்ளச்சு! கள்ளுல அடிக்கிறது!”

“கள்ளுலயா?” என்றது அத்தை. “அப்ப குடியும் உண்டா?”

“ஐயோ, குடிக்கிற கள்ளு இல்லீங்க, இந்தக் கள்ளு!” நாக்கை நம்பிப் பயனில்லை என்று முற்றத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கித் தூக்கிக் காட்டினேன். கல்லோடு கை உயர்ந்ததும் இரண்டு துப்பாக்கிகள் என்னை நோக்கி உயர்ந்தன. கல்லைக் கீழே போட்டேன். அது என் காலிலேயே விழுந்தது.

“ஓ, கல்லு,” என்றார் மண்டோர். சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது, பார்த்தாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக, வாசலில் சாமான் மூட்டைகளுக்குக் குத்தும் ஊதா முத்திரையை எல்லாப் படத்திலும் குத்தச் சொன்னார். ‘சோதிக்கப்பட்டது’ என்று இங்கிலீசில். ஜாகா கடமை தவறாதவன். படத்தின் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தோன்றவில்லை. கூழைக்கடாவுக்குச் சரியாகப் பையின் மேல் விழுந்தது.

மாத்தா-மாத்தா கதவைத் தட்டும் வீட்டுக்குப் பெண் தர மாட்டேன் என்றவர் கண்ணெதிரேதான் கதவையே கழற்றியிருந்தார்கள். எல்லாம் முடிந்தது என்று, வீங்கின கால் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மண்டோர் குனிந்து கூழைக்கடாவின் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தங்கை பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, மாப்ள பாக்குறவன் என்ன பண்ணுவான்? அக்கம்பக்கத்துல நாலு பேர வெசாரிப்பான். இங்க தலகாணியக் கிழிச்சிப் பாத்துட்டாங்க. கோழிய வெசாரிச்சிட்டாங்க. ஒண்ணும் கெடைக்கல. கேசு இல்லன்னு கவர்மெண்டே சாப்பு குத்திக் குடுத்திருக்கு. இந்த வட்டாரத்துல வேற எந்தப் பையனுக்கு இது இருக்கு, சொல்லு?”

ஆறிப்போன கோப்பியை எடுத்து மீதியையும் குடித்தார். தையில் கல்யாணம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைச் சொன்னாலும், நம்பிக்கை வராவிட்டால் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “கல்லா, கள்ளா?” பேரப்பிள்ளைகள் பரீட்சை மார்க் சொல்லும்போதும் கேட்போம். எந்தப் பையனைப் பற்றி யார் பெருமையாகப் பேசினாலும், “சாப்பு குத்தியாச்சா?” என்பார்கள்.

போன வருஷம் பேரனோடு நீலாயில் படிக்கும் அவன் சிநேகிதன் வந்தான். படம் பற்றித் தெரிந்த பையன். கூடத்தில் மாட்டியிருக்கும் கூழைக்கடாவின் முன்னால் வெகுநேரம் நின்று, உச்சுக்கொட்டினான். “ஒரிஜினல் லா தாத்தா! இந்த முத்திர மட்டும் இல்லன்னா இதுக்கு எவ்ளோ மதிப்பு தெரியுமா? கெடுத்துட்டாங்க லா.”

அடுப்படியிலிருந்து தனத்தின் குரல் வந்தது. “அந்த முத்திர இல்லன்னா தாத்தாவுக்குத்தான்யா மதிப்பு இல்ல. அதப் பாத்துத்தான் எங்கப்பா என்னக் குடுத்தாரு.”

“நள்ளா சொன்னே,” என்றேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டுதான் இருப்பாள்.