நூற்றுநான்கு சதவீதத் தேவை

தேவை என்பது நூறு சதவீதத்தோடு நின்றுவிடும் என்று பொருளாதார மேதைகள் ஏதோ ஒரு அவசரத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். அந்தப் பிழையைத் திருத்தி உலகுக்கு வழிகாட்டிய ஊர் தலைச்சோலை. ஏற்காட்டைத் தாண்டி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எழுபத்தைந்து வீடுகள். மேகம் கறுத்தாலே கரண்ட் போய்விடும். செல்போனில் பேச வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். அப்பேர்ப்பட்ட ஊரில் கையடக்கக் கணினி விளையாட்டுக் கருவிகளுக்கான தேவை நூற்றுநான்கு சதவீதம் என்று வழவழப்பான தாளில், வண்ணப் படத்தோடு அச்சாகியிருக்கிறது. அச்சானதை மறுக்க நாம் யார்?

இந்த மகத்தான எண்ணைக் கண்டுபிடித்தவர் ஜெயகுமாரி. மிஷன் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தவர். அந்த வேலை போனபின், பெங்களூரின் 'தூரதிருஷ்டி' சந்தை ஆய்வு நிறுவனத்தில் 'கள நுண்ணறிவு அலுவலர்' ஆனார். பதவிதான் நீளமே தவிர வேலை ஆறு மாதத்துக்குத்தான். ஆறு மாதம் முடிந்து நிரந்தர ஆணை வந்தால் ஏற்காட்டிலேயே இருக்கலாம். வராவிட்டால் நான்காம் வகுப்பு படிக்கும் மகள் அபிஷாவை விடுதியில் விட்டுவிட்டு ஓசூர்க் கம்பெனி எதற்காவது போக வேண்டும்.

ஆய்வுக்குரிய பொருளின் பெயர் வஜ்ரா. முழுக் கணினி ஒன்றை இரண்டு கைக்குள் அடக்கி, இருபுறமும் பொத்தான் வைத்திருப்பார்கள். மேசைக் கணினியில் ஆடும் பெரிய ஆட்டங்களைப் பேருந்தில் உட்கார்ந்தபடியே ஆடலாம், ஏற்காடு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால். விலை அறுபத்தெட்டாயிரம். மலைவாழ் மக்களிடம் இதற்கு எத்தகைய எதிர்காலம் காத்திருக்கிறது என்று அறிய, நிறுவனம் ஒரு படிவம் தயாரித்திருந்தது. அதன் முக்கியக் கேள்வி: 'இக்கருவி தங்களுக்கு எப்போது தேவை?' பதிலுக்கு மூன்று கட்டங்கள்: உடனே, விரைவில், மிக விரைவில். 'தேவையில்லை' என்று ஒரு கட்டம் கிடையாது. எதிர்மறைச் சிந்தனையை அந்த நிறுவனம் அடியோடு வெறுத்தது.

ஜெயகுமாரி கழுத்தில் அடையாள அட்டையும் கையில் படிவக்கட்டுமாகத் தலைச்சோலையில் ஜீப்பை விட்டு இறங்கியதும் ஊர் சுறுசுறுப்பானது. கழுத்தில் அட்டை, கையில் படிவம், வீட்டுத் தலைவர் பெயர், குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேள்வி. இவ்வளவும் சேர்ந்து ஓர் ஊருக்குள் வந்தால் பின்னாலேயே லாரியில் ஏதோ வரப்போகிறது என்பதை மிக்சியும் மின்விசிறியும் வாங்கிப் பழகிய மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் வீடு அத்தாயியின் வீடு. காப்பி பறிக்கப் போகிறவர், அன்றைக்குப் போகாமல் நின்றுவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு போதுங்களா, ரெண்டு வேணுங்களா?"

"ஆதாரெல்லாம் வேண்டாங்க அக்கா. கம்பெனிக்காரங்க சும்மா விசாரிக்கறாங்க."

"சரிங்க. அப்ப ரேஷன் கார்டு?"

"அதுவும் வேண்டாங்க. இது இலவசம் இல்லீங்க. வெலைக்கு விக்கறது. ஒண்ணு அறுவத்தெட்டாயிரம்."

அத்தாயி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆட்டுக்கும் மொதல்ல அப்பிடித்தானுங்க சொன்னாங்க. பொறவு நாலு ஆடு சும்மாவே வந்துச்சு. நீங்க எழுதுங்க டீச்சர், நாங்க வெளிய மூச்சு விட மாட்டோம்."

"இது வெளையாடற மிசினுங்க அக்கா."

"மாவு ஆட்டாதுங்களா?"

"ஆட்டாதுங்க."

"பரவாயில்லீங்க, வர்றத வேண்டாங்கக் கூடாது. உடனேன்னே போட்டுக்குங்க."

எழுபத்தைந்து வீட்டிலும் இதே கதை. ஜெயகுமாரி தொண்டை வறள விலையைச் சொன்னார். சொல்லச் சொல்ல மக்களுக்கு நம்பிக்கை கூடியது. அவ்வளவு விலையுள்ள பொருளை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா, நிச்சயம் சும்மாதான் தருவார்கள் என்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டார்கள். திருப்பூரில் தனிக்குடித்தனம் இருக்கும் செல்விக்கு ஒன்று, தை மாதம் கல்யாணம் ஆகப்போகும் ஜோடிக்கு முன்கூட்டியே ஒன்று, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகும் ஊர்க் கமிட்டிக்குப் பொதுவில் ஒன்று என மூன்று படிவம் கூடுதலாக எழுதச் சொன்னார்கள். எழுபத்தைந்து வீட்டுக்கு எழுபத்தெட்டுக் கருவி. நூற்றுநான்கு சதவீதம் பிறந்தது இப்படித்தான்.

ஜெயகுமாரி நேர்மையானவர். எழுபத்தெட்டுப் படிவங்களிலும் 'குறிப்புகள்' என்ற கட்டத்தில், 'இலவசம் என்று நினைக்கிறார்கள், வாங்கமாட்டார்கள்' என்று அழகான ஆசிரியைக் கையெழுத்தில் எழுதி அனுப்பினார். மறுநாளே மேலாளர் கிங்ஸ்டன் போனில் வந்தார். சேலத்தில் பிறந்தவர்தான். பெங்களூர் போய்ப் பன்னிரண்டு வருடத்தில் தமிழைப் பாதியாகக் குறைத்து, மீதியில் ஆங்கிலம் கலந்து வைத்திருந்தார்.

"எக்ஸலண்ட் ஜெயகுமாரி. இண்டியாலயே இப்படி ஒரு நம்பர் வந்ததில்ல."

"சார், குறிப்புல எழுதியிருக்கேனுங்க. பாத்தீங்களா?"

"ரிமார்க்ஸ் காலமா? அதை சிஸ்டம் படிக்காதும்மா."

"அப்ப எதுக்குங்க சார் அந்தக் கட்டம்?"

"எழுதறவங்க மனசு ஆறணும்ல, அதுக்கு. சரி, தகவல்கள் உண்மைன்னு ஒரு சான்று வரும். சைன் பண்ணி அனுப்பிடுங்க. உங்க பர்மனென்ட் விஷயம் எனக்கு ஞாபகம் இருக்கு."

ஜெயகுமாரி அந்தச் சான்றை ஒருநாள் முழுக்க அலமாரியில் வைத்திருந்தார். மாலையில் அபிஷா பள்ளிவிட்டு வந்து ஷூவைக் கழற்றி எறிந்ததைப் பார்த்ததும் எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். படிவத்தில் இருப்பதெல்லாம் அவர்கள் சொன்னதுதானே, பொய் ஏதும் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனசு ஆறவில்லை.

அறிக்கை வெளியானதும், வஜ்ராவை ஆடிப் பார்த்து வாங்குவதற்கான 'அனுபவ மையம்' திறக்க ஏற்காட்டில் கடை தேடினார்கள். பஸ் ஸ்டாண்ட் எதிரே அப்துல் மஜீத் பாயின் கடை அகப்பட்டது. பாய் பத்தொன்பது வருடமாக அங்கே ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, குடை விற்கிறார். சேலத்து வெயிலில் சட்டையோடு கிளம்புகிறவர்கள், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும்போது பல் கிட்டிப்போய் நிற்பார்கள். எதிரே பாய் ஸ்வெட்டரை விரித்துப் பிடித்தபடி நிற்பார். சந்தை ஆய்வு என்பதே தெரியாமல் ஒரு மனிதர் எவ்வளவு பிற்போக்காக வாழ முடியும் என்பதற்கு இதுவே சான்று.

ஒப்பந்தத்தின் பதினான்காவது நிபந்தனை, மையத்தில் வஜ்ராவைத் தவிர 'வேறெந்தத் தாழ்நிலைப் பொருளும்' இருக்கக் கூடாது என்றது. பாயின் மனைவி சலீமாவுக்குச் சந்தேகம்.

"பத்தொம்பது வருசமா இந்தக் குளிருதானுங்க நமக்குச் சோறு போடுது. அதைப் போயி தாழ்நிலைங்கறாங்க."

பாய் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு ஜெயகுமாரியின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், கடைசிப் பக்கத்துல இருக்கறது உங்க கையெழுத்துதானுங்களா?"

"ஆமாங்க பாய். ஆனா குறிப்புல வேற எழுதியிருந்தேனுங்க."

பாய் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "குறிப்புன்னு எதுவும் காணோமே. நீங்க கையெழுத்துப் போட்டா சரியாத்தான் இருக்கும். அது போதுங்க எனக்கு."

வாயைத் திறந்து, 'வேண்டாம் பாய், மோசம் போய்விடுவீர்கள்' என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நிரந்தர ஆணைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஜெயகுமாரி டீ போட உள்ளே போனார். அந்த நிமிடத்தை நினைத்து அவர் பின்னால் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை.

ஐப்பசியில் ஸ்வெட்டரும் குடையும் சேலத்து வியாபாரி ஒருவரின் லாரியில் இறங்கிப் போயின. கடைக்கு நீல விளக்கு வந்தது, கண்ணாடி மேசை வந்தது, அறுபது வஜ்ராக்கள் வந்தன. திறப்பு விழாவன்று தலைச்சோலையே திரண்டு வந்தது. அத்தாயி முதல் ஆளாக வரிசையில் நின்றார். கையில் ஆதார் ஜெராக்ஸ் இரண்டு.

"பாய், டோக்கன் எங்கீங்க குடுக்கறாங்க?"

"டோக்கன் இல்லீங்கம்மா. அறுவத்தெட்டாயிரம் குடுத்தா எடுத்துட்டுப் போலாங்க."

அத்தாயி ஜெராக்ஸைப் பத்திரமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு பின்னால் திரும்பி, "எலக்சனுக்குப் பொறவு வரச் சொல்றாங்க" என்று வரிசைக்கு அறிவித்தார். வரிசை யாரையும் கோபிக்காமல் கலைந்தது. பெங்களூரில் இதை 'முதல் நாள் வருகை முந்நூற்றுப் பன்னிரண்டு' என்று பதிவு செய்து இனிப்பு வழங்கினார்கள்.

கார்த்திகையில் பனியும் மழையும் இறங்கியதும் மையத்தில் கூட்டம் உண்மையாகவே பெருகியது. பெரிய ஆட்டத்தை ஓடவிட்டால் வஜ்ரா பத்து நிமிடத்தில் கொதிக்கும். உள்ளே இருக்கும் சின்ன விசிறி சூடான காற்றை வெளியே ஊதும். இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் மஞ்சக்குட்டை ஜீப் டிரைவர் ஒருவர். அன்று முதல், ஸ்வெட்டர் கிடைக்காத சுற்றுலாப் பயணிகளும் நனைந்த டிரைவர்களும் வந்து மாதிரிக் கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லா இருக்குதுங்களா?" என்பார் பாய் ஆசையோடு.

"நொம்ப நல்லா இருக்குதுங்க. வெரலு இப்பத்தான் மடங்குது. இன்னொரு கையிக்கும் ஒண்ணு குடுங்க."

கருவி தன்னைப் பிடித்திருந்த நேரத்தைத் தானே கணக்கெடுத்துப் பெங்களூருக்கு அனுப்பியது. சராசரி பதினோரு நிமிடம். நாட்டில் எந்த மையத்திலும் ஒருவரும் ஒரு கருவியை இத்தனை உருக்கமாகப் பிடித்ததில்லை. விற்றது மட்டும் ஒன்றுமில்லை. குடை கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியே பாயின் குரல் கம்மிவிட்டது. சலீமா ஜெயகுமாரியைத் தெருவில் பார்த்தால் எப்போதும்போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் ஜெயகுமாரி மாதா கோயில் வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்.

ஆறாம் மாதக் கடைசியில் கிங்ஸ்டன் நேரில் வந்தார். காரை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு, சேலத்து வெயிலில் போட்டிருந்த மெல்லிய சட்டையோடு மையத்துக்கு நடந்து வந்தார். ஜெயகுமாரியையும் வரச் சொல்லியிருந்தார். பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஒன்று நிரந்தர ஆணை. மற்றது புதிய சான்று.

"பதினோரு நிமிஷம், ஜெயகுமாரி. போர்டு மீட்டிங்ல எழுந்து நின்னு கைதட்டினாங்க. அடுத்த மையம் மஞ்சக்குட்டைல. ஆரோக்கியதாஸ்னு ஒருத்தர் மளிகைக்கடை வச்சிருக்காராம், அரிசி பருப்பெல்லாம் காலி பண்ண ரெடி. உங்க கையெழுத்து இருக்கான்னு மட்டும் கேட்டார்."

"சார், அவங்க கை காய வெக்கறாங்க சார்."

"ரீசன் எதுவா இருந்தா என்ன? என்கேஜ்மென்ட் என்கேஜ்மென்ட்தான். சைன் பண்ணுங்க, நான் இருட்டறதுக்குள்ள கீழ எறங்கணும்."

அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஏற்காட்டு மழை. எதிரே இருந்த பஸ் ஸ்டாண்ட் மறைந்துபோனது, கரண்ட் போனது, நீல விளக்குகள் அணைந்தன. கிங்ஸ்டன் வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு, நடுங்கிக்கொண்டே திரும்பினார்.

"பாய், ஒரு குடை குடுங்க. அப்படியே ஒரு ஸ்வெட்டரும்."

பாய் தலையைச் சொறிந்தார். "பதினாலாவது நிபந்தனைங்க சார்."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"தாழ்நிலைப் பொருளுங்க. நீங்கதானுங்க போன்ல கூப்பிட்டு லாரியில ஏத்தச் சொன்னீங்க. வேணுன்னா வஜ்ரா ஒண்ணு பிடிச்சுக்குங்க, சார்ஜ் இருந்தா சூடாகும்."

சார்ஜ் இல்லை.

ஜெயகுமாரி நிரந்தர ஆணையைப் பார்த்தார். தன் பெயர் அதில் சரியாக எழுதப்பட்டிருந்தது. அதைச் சான்றோடு சேர்த்து மடித்து, கிங்ஸ்டனின் பைக்குள்ளேயே வைத்தார். பிறகு தன் பையிலிருந்து பழைய படிவம் ஒன்றை எடுத்தார். கருவி என்ற சொல்லை அடித்துவிட்டுக் குடை என்று எழுதினார்.

"சார், குடை தங்களுக்கு எப்போது தேவை? உடனேங்களா, விரைவிலீங்களா, மிக விரைவிலீங்களா?"

"என்ன, கிண்டலா?"

"ஆய்வுங்க சார்."

மழை இன்னும் வலுத்தது. கிங்ஸ்டனின் பல் தந்தியடித்தது. "உடனே" என்றார்.

ஜெயகுமாரி உடனே என்ற கட்டத்தில் குறி போட்டார். குறிப்புகள் கட்டத்தில் நிதானமாக ஒரு வரி எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார். இந்த முறை அதற்கு ஒருநாள் தேவைப்படவில்லை. படிவத்தை அவரிடம் நீட்டினார்.

ஏற்காட்டில் எடுக்கப்பட்ட சந்தை ஆய்வுகளிலேயே சிறந்தது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். கேட்கப்பட்டவர் ஒருவர், தேவை நூறு சதவீதம், ஒரு புள்ளிகூட மிகையில்லை. குறிப்புகள் கட்டத்தைக் கணினி படிக்காது. ஆகவே கிங்ஸ்டனே செல்போன் வெளிச்சத்தில் அதைப் படிக்க வேண்டியிருந்தது:

'இவருக்குக் குடை உண்மையாகவே வேண்டும். இந்தக் கடையில் குடை இருந்தது. அதை அள்ளி அனுப்பியவர் இவர், அதற்குக் கையெழுத்துப் போட்டவள் நான்.'