அசையாமல் நின்றது நானல்ல

சேசு மரி சூசை துணை

கொடைக்கானல்,
புதன்கிழமை காலை.

அன்புள்ள மகன் சைமனுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். இது வழக்கத்துக்காக எழுதும் வரி அல்ல. மறுபடி ஒருமுறை வாசித்துவிட்டு உன் மனைவி ஜெனிக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு. எனக்குப் பக்கவாதம் வரவில்லை. வாய் கோணவில்லை, கண் செருகவில்லை. ஞாயிறு மாலை நாலு மணிக்கு நீங்கள் மதுரையிலிருந்து கம்ப்யூட்டரில் கூப்பிட்டபோது அசையாமல் நின்றது நானல்ல, நீ வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர். மலைப்பூண்டு ஊறுகாய் அனுப்பட்டுமா என்று கேட்க வாயைத் திறந்தேன், கண்ணை இமைத்தேன், அந்த நொடியில் திரையில் என் முகம் அப்படியே நின்றுவிட்டது. ஜெனி அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டு, "அத்தைக்கு ஸ்ட்ரோக், எல்லாரும் ஜெபிங்க" என்று எழுதினாளாம்.

அதன் பலனைக் கேள். திங்கட்கிழமை உன் வத்தலக்குண்டுச் சித்தி ஆரஞ்சும் அழுகையுமாக முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளுக்குப் பின்னாலேயே பங்குச் சாமியார் நோயாளிகளுக்குப் பூசும் எண்ணெயோடு வந்தார். நான் ஸ்டூல்மேல் நின்று ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். "படுத்த படுக்கையா இருக்கீங்கன்னு சொன்னாங்களேம்மா" என்றார். "படுக்க நேரமில்லைங்க ஃபாதர், உக்காருங்க" என்று காப்பி கொடுத்து அனுப்பினேன். எண்ணெயைத் திறக்காமலே திரும்பியதில் அவருக்குச் சற்று வருத்தம் என்றுதான் நினைக்கிறேன்.

அது போகட்டும். நீ போனில் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது. "மூணு வாரமா ஸ்கிரீன்ல ஒழுங்கா வரமாட்டேங்கிறீங்க. ஒரு கம்ப்யூட்டரைப் பாத்துக்க முடியாதவங்க தனியா எப்படிம்மா இருப்பீங்க? அடுத்த மாசம் முதல் சனிக்கிழமைக்கு வேன் சொல்லிட்டேன், வீட்டைப் பூட்டிட்டு வந்துருங்க" என்றாய். போனில் பதில் சொன்னால் கத்துகிறேன் என்பாய், அதனால் எழுத்தில் சொல்கிறேன். உன் அப்பா போய் ஒன்பது வருஷம் இந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். குழாய், கூரை, குரங்கு மூன்றையும் சமாளித்தவள். முடியாமல் கிடப்பது கம்ப்யூட்டர்தான்.

அதை நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. முப்பத்தொரு வருஷம் தையல் டீச்சராக இருந்தவள் நான். கான்வென்டில் சிஸ்டர் அகத்தா எங்களுக்குச் சொன்னது, உறையில்லாத பொருள் வளர்ப்பில்லாத பிள்ளை என்று. நம் வீட்டில் தையல் மெஷின், ரேடியோ, மிக்ஸி எதுவும் அம்மணமாக நின்றதில்லை. புத்தாண்டு கழிந்து உறைபனி விழத் தொடங்கியதும், கம்ப்யூட்டரின் பெட்டிக்குச் சாம்பல் நிறக் கம்பளி நூலில் இரட்டைப் பின்னலாக, உள்ளே ஃபிளானல் கொடுத்து, அடிவரை மூடும்படி ஓர் உறை பின்னிப் போட்டேன். வயர் வெளியே வர இரண்டு பொத்தான்துளை மட்டும் விட்டேன். ஒரு தூசி அண்டியதில்லை. அப்படிக் கவனித்தும் அந்த நன்றிகெட்டது என்ன செய்கிறது தெரியுமா, போட்டதும் சுறுசுறுப்பாக எழுகிறது, பத்து நிமிஷத்தில் நத்தையாகிறது, கால் மணியில் கேளாமல் கொள்ளாமல் அணைந்துவிடுகிறது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் ஜெயமுருகனைக் கூப்பிட்டேன். அவன் கைக்கறை கம்பளியில் பட்டால் போகாது, அதனால் அவன் வருமுன் உறையைக் கழற்றி அலமாரியில் மடித்து வைத்துவிடுவேன். வந்தான், ஒரு மணி நேரம் உட்கார்ந்தான், "நல்லாத்தானே ஓடுது டீச்சரம்மா" என்று போனான். அவன் போய், உறையைப் போட்டு, நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் அது அணைந்தது. மறுமுறை வைரஸ் என்று பெட்டியைக் கடைக்குத் தூக்கிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தான். "பாட்டெல்லாம் போட்டுப் பாத்தேங்க, குதிரை மாதிரி ஓடுது" என்றான். வீட்டுக்கு வந்தது, குதிரை படுத்தது. அடுத்து வேண்டாததையெல்லாம் அழிக்கச் சொன்னான். ஜெனி அனுப்பிய காலை வணக்கப் பூப்படங்களை முழுமனதோடு அழித்தேன். பிறகு மலைக் கரண்ட் ஏற்ற இறக்கம் என்று ஒரு ஸ்டெபிலைசர். கடைசியில் என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்து, "டீச்சரம்மா, நான் போனப்பறம் எந்தப் பட்டனை அமுக்குறீங்க?" என்றான். பெயர் தெரியாத பட்டனை நான் தொடுவதில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த வீட்டில் அதனால் பயன் கண்டவள் பாத்திரம் கழுவ வரும் பிச்சையம்மாள் ஒருத்திதான். சோலி முடிந்ததும் அதன் பக்கத்தில் குந்தி, உறைமேல் இரண்டு கையையும் வைத்துக் குளிர்காய்கிறாள். "நல்லா கணகணன்னு கெடக்குங்க டீச்சரம்மா. முட்டைய வச்சா குஞ்சு பொரிச்சிரும் போல" என்கிறாள்.

ஆகவே என் முடிவைக் கேட்டுக்கொள். வேன் வரட்டும். கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு போ. நான் ஏறமாட்டேன். ஞாயிறு நாலு மணிக்கு உனக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். கடிதத்தில் நான் பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி நிற்பதில்லை.

ஜெனிக்கு என் அன்பு. அவள் ஜெபத்துக்கு நன்றி, இனிமேல் பெயர் சொல்லாமல் ஜெபிக்கட்டும். மாதா உங்கள் இருவரையும், உங்கள் வாட்ஸப்பையும் காக்கட்டும்.

அன்புள்ள அம்மா,
சகாயராணி சூசைமாணிக்கம்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் ஜெயமுருகன் சொல்லாமல் வந்துவிட்டான், வாதம் வந்த செய்தி அவனுக்கு இன்றுதான் எட்டியதாம். கம்பளி உறையைக் கழற்ற எனக்கு நேரமில்லை. அதன்மேல் கையை வைத்துப் பார்த்தான். "டீச்சரம்மா, இதுக்கு எதுக்குங்க ஸ்வெட்டரு?" என்றான். "குளிருக்குத்தான்" என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பெட்டியைச் சுற்றியிருப்பது அது மூச்சுவிடும் துளைகளாம், உள்ளே விசிறி சுற்றுகிறதாம், சூடு தாளாமல்தான் தன்னை அணைத்துக்கொள்கிறதாம். இதை எனக்கு யாரும் முன்னாடியே சொல்லவில்லை. கழற்றி மூன்று மணி நேரமாக நிற்காமல் ஓடுகிறது, நானும் அதில் சீட்டு விளையாடி நாலு ஆட்டம் ஜெயித்தேன். உறையைப் பிச்சையம்மாளுக்குக் கொடுத்துவிட்டேன், தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறாள். எழுதியதைத் திருப்பி எழுதும் வழக்கம் எனக்கில்லை, அதனால் மேலே கம்ப்யூட்டரைக் குறைசொன்ன வரிகளை நீயே அடித்துவிட்டு வாசி. என்னைப் பற்றிய வரிகள் அப்படியே நிற்கும். வேன் வேண்டாம் என்று சொல்லிவிடு. கம்ப்யூட்டரும் இங்கேயே இருக்கட்டும், நானும் இருக்கிறேன். இதற்குச் சம்மதம் என்று போனில் சொல்லாமல், தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பு.